சாப்டியா என்று கேட்ட பெட்டி

கல்வராயன் மலை பஸ்ஸிலிருந்து டயானா இறங்கியபோது நடுப்பகல்தான். ஆனாலும் மூடுபனியில் எதிரே இருந்த ஆஸ்பத்திரி அரைகுறையாகத்தான் தெரிந்தது. உள்ளே பினாயிலும் ஈரச்சுவரும் நாறின. கள்ளக்குறிச்சியில் காலையில் குடித்த டீயோடு சரி, பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

வந்த வேலை சின்னதுதான். மலைக்காரர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். மேசை மேலிருந்த கையகலப் பெட்டி திரும்ப அழைத்துச் சேதி சொல்லும். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்ட மென்பொருள் அது. இத்தனை நாளும் அதில் பேசியது நர்ஸ் இஞ்ஞாசியம்மாளின் பதிவுக் குரல். போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். செத்தவர் புதுச் சேதி சொல்ல முடியாதே. அதனால் எழுதியதை வாசித்துச் சொல்லும் எந்திரக் குரல் ஒன்றைப் பெட்டியில் சேர்க்க வேண்டும். இடம் போதவில்லை என்று பழைய பதிவுகளை வந்ததுமே டயானா அழித்துவிட்டாள்.

முதல் சேதியே உயிர்ச் சேதியாக வாய்த்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் கலையரசிக்கு இடுப்புவலி. வெள்ளம் ஏறுவதற்குள் அவள் பாலத்துக்கு இறங்கி வந்தாக வேண்டும். ஜீப் கிளம்பிவிட்டது. பெட்டியை விட்டால் அவளைப் பிடிக்க வேறு வழியில்லை. கூரை ஆன்டெனாவோடு இணைத்த பெட்டியைத் தவிர, ஆஸ்பத்திரியில் எந்தக் கைபேசியிலும் சிக்னல் இல்லை.

"ஜீப் வருகிறது. பாலத்திற்கு வரவும்," என்றது பெட்டி, தகரத்தில் தட்டியது போன்ற ஆண் குரலில்.

கலையரசி பாதியிலேயே வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தது. மறுபடியும் வைத்துவிட்டாள். டயானாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எவனோ கம்பெனிக்காரன்னு வெக்கிறாங்க," என்றார் கிளார்க் இளவரசன். "இஞ்ஞாசிம்மா மொதல்ல சாப்டியான்னு கேப்பாங்க. பதில் வந்தாத்தான் மேல பேசுவாங்க. அத ஏன் எடுத்தீங்க?"

"பொட்டியா சோறு போடப்போவுது? இதெல்லாம் கேட்டுக்கினு இருந்தா சேதிய எப்பங்க சொல்றது?" டயானா எரிந்து விழுந்தாள்.

பெட்டி மறுபடி அழைத்தது. ஸ்பீக்கரில் லேசான இருமல் கேட்டது.

"சாப்டியா?"

பெண் குரல்.

"யாருங்க வெளையாடறது?" என்று டயானா திரும்பினாள். இளவரசன் முகம் வெளுத்திருந்தது.

"அவங்க குரலுங்க," என்று முணுமுணுத்தார்.

மடிக்கணினித் திரையில் தேடினாள். பழைய பதிவு ஒன்றுகூட இல்லை. அவள் எழுதிய சேதி எழுதியபடியே இருந்தது. ஆத்திரத்தில் பெட்டியின் கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள்.

பெட்டியின் விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

"கஞ்சி குடிச்சங்க்கா," என்றாள் கலையரசி, ஓடை இரைச்சலுக்கு நடுவே.

"சரி, எறங்கி வா. பாலத்தாண்ட ஜீப் நிக்கும். பயப்படாத, நான் பேசிக்கினே வரேன்."

இருவரும் பெட்டியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். ஜீப் வந்து நின்ற பிறகுதான் அது அடங்கியது.

பெண் குழந்தை. கலையரசி கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: "வழி பூரா பேசிக்கினே வந்தாங்களே, அந்தக்கா எங்க?"

இளவரசன் பெட்டி இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

பொழுது சாயுமுன் டயானா கீழே போகும் பஸ்ஸைப் பிடித்தாள். சிம்மைக்கூடக் கழற்றாமல், ஒயரைச் சுற்றிப் பெட்டியைப் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தாள். ஊருக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற கோபம் மட்டும்தான் அவளுக்குத் துணை. பாதி மலை இறங்கியதும் சிக்னல் வந்தது. கைபேசி அடித்தது.

ஆஸ்பத்திரி எண். அந்த எண்ணில் பேச வேண்டிய பெட்டி அவள் மடியில் இருந்தது.

கை தானாக எடுத்தது. இருமல்.

"சாப்டியா?"

பதில் வராமல் அது விடாது.

"இன்னும் இல்லக்கா," என்றாள்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"நானுந்தான். என்னைய ஒருத்தரும் கேக்கவே இல்ல."

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அங்கிருந்து பினாயில் வாசனை வந்தது.