முட்டைக் காலம்

1968 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாமல் ஏரியில் இருந்தவர்கள் மூன்றே பேர்: பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக் கரைக்குப் பறவை உருவம் வரைகிற உமாபதி, அவருடைய தங்கை நீலாம்பாள், ஏரிக் காவல்காரர் வீரபத்திரன். நான்காவது ஆள் யாருமில்லை. ஆனாலும் வீரபத்திரன் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"சின்னவரு அங்க நின்னுக்கினு இருக்காருங்களே. பம்பாயிலருந்து எப்ப வந்தாரு?"

உமாபதி திரும்பினார். மெல்லிய கழுத்து ஒன்று மட்டும் தண்ணீருக்கு மேலே நீண்டிருந்தது. "பாம்புத்தாராப் பறவைபா அது. உனக்குக் கண்ணு பூத்துப் போச்சு" என்றார்.

வீரபத்திரன் சிரிக்கவில்லை. முட்டைக் காலம், ஏரிக்குள் சத்தம் போடக் கூடாது, ஒரு நாரை மிரண்டால் மொத்தமும் கூட்டை விட்டுப் போய்விடும் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அண்ணனும் தங்கையும் சேற்று வரப்பில் நடந்து, கருவேல மரங்கள் நிற்கும் திட்டுக்குப் போனார்கள். மீன் அழுகிய வாடையும் எச்சத்தின் காரமும் மூக்கில் ஏற, கிளைக்குக் கிளை நாரைகள் அலகைத் தட்டும் ஓசை பத்துத் தறி ஒன்றாக ஓடுவதுபோல் தலைக்குமேல் கேட்டுக்கொண்டிருக்க, உமாபதி நோட்டைத் திறந்தார். பென்சில் நகரவில்லை.

போன மாசியில் இதே திட்டில்தான் தம்பி மயில்வாகனம் நின்றான். வேதக்காரப் பெண் மரியம்மாளைத்தான் கட்டிக்கொள்வேன் என்றான். குடும்ப மானம் என்னாவது என்று உமாபதி நெருங்க, தம்பி பின்னால் கால் வைத்தான். வண்டல் வெட்டிய பள்ளம். இரண்டு முறை மேலே வந்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தான். உமாபதி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்த ஒன்றில் மட்டும் தம்பி அவர் சொல் கேட்டான். வீட்டில், பம்பாய்க்குப் போய்விட்டான் என்று சொல்லியாயிற்று.

"ஒரு கடுதாசி போட்டா இன்னாண்ணா அவனுக்கு?" நீலாம்பாள் கிசுகிசுத்தாள், முதுகைக் காட்டி, கூடுகளைப் பார்த்தபடி.

அலகுத் தட்டல் நின்றது.

எல்லா மரத்திலும். ஒரே நேரத்தில்.

நாரைகள் கீழே பார்த்தன. பள்ளத்தில் அந்தக் கழுத்து. அலகு இல்லை. நெற்றி. கண்கள். சேறு வழியும் வாய். உமாபதியின் கணுக்காலில் குளிர்ந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. வழுக்கினார். இடுப்பு. மார்பு. தங்கை இரண்டடி தூரத்தில். வாயைத் திறந்தார்.

எதிரே மயில்வாகனம் உதட்டில் விரலை வைத்தான்.

உமாபதி கூப்பிட்டும் தங்கை திரும்பவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அவர் கூப்பிடவில்லை. ஒரு நாரைகூட எழும்பவில்லை.