வெளியேறிய நேரம்

சர்வர் அறைக்குள்ளிருந்து வெளியே போகக் கதவில் அட்டையை வைத்தாள். பச்சைக்குப் பதில் சிவப்பு எரிந்தது. அலுவலகத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான், கதவுக்கான புது மென்பொருளைச் சற்றுமுன் ஏற்றியவளும் அவளே, ஆகவே திட்டுவதற்குக்கூட வேறு ஆள் இல்லை. மேலே காவலாளியின் மேசையருகே, பள்ளி விட்டு வந்த ஆறு வயது மகள் காத்திருந்தாள்.

விசிறிகள் ஓயாமல் இரைந்தன. சூடான ஒயரின் வாடையும் ஏசிக் குளிரும் கலந்து தொண்டையை அடைத்தன. இயந்திர அடுக்குகளுக்கு நடுவே நிழல் கொஞ்சம் அதிகமாகவே கிடந்தது. திரை முன் உட்கார்ந்தாள். கதவு திறக்க, ஊழியர் விவரங்கள் இருக்கும் டேபிளில், அதாவது டேட்டாபேஸின் அட்டவணையில், ‘வெளியேறிய நேரம்’ என்ற நெடுவரிசை வேண்டும். இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்க்கும்படி மென்பொருளுக்குச் சொல்லியிருந்தாள். இருக்கிறது என்று பதில் வந்திருந்தது. ஆனால் ஊழியர் டேபிளில் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நெடுவரிசையின் பெயரைக் கேட்டவள், எந்த டேபிளில் என்று சொல்ல மறந்துவிட்டாள். சரியான மண்டு.

தேடினாள். இதுவரை அவள் கண்ணில் படாத ஒரு டேபிளில் அது இருந்தது. உள்ளே ஒரே ஒரு பதிவு. பெயர் இல்லை. நுழைந்து பதினோரு வருடம். வெளியேறிய நேரம் காலி.

இன்டர்காம் ஒலித்தது. “மேடம், பாப்பா அழ ஆரம்பிச்சிருச்சு,” என்றார் காவலாளி.

“அஞ்சு நிமிஷம்ணே. அம்மா வந்துட்டேன்னு சொல்லுங்க.”

போகிற போக்கில் ஒரு குறுக்குவழி: கதவை அந்த டேபிளையே பார்க்கச் சொன்னாள். ‘வெளியேறிய நேரம்: இப்போது’ என்று அதில் பதிந்தாள். யாருடையது என்று குறிப்பிடவில்லை.

‘ஒரு பதிவு மாற்றப்பட்டது’ என்றது திரை.

அவளுடைய பதிவு அதில் இல்லவே இல்லை.

பூட்டு கழன்றது. கதவு திறந்தது. அவள் எழுவதற்குள் அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு போனது. ஈரம். குளிர். கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு.

இன்டர்காமை அழுத்தினாள். “அண்ணே, கதவத் திறங்க. பாப்பா எங்க?”

“மேடமே இப்பதானே வந்து கூட்டிட்டுப் போறாங்க.” அவர் குரல் தயங்கியது. “ஆமா, நீங்க யாரு பேசறது?”

சுவரிலிருந்த காமிராத் திரையில் வாசல் தெரிந்தது. அவளுடைய அதே புடவை, அதே நடையுடன் ஓர் உருவம். கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு போன மகள், பாதி வழியில் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

கையை உருவப் பார்த்தாள்.

பிடி விடவில்லை.