பலகை இறக்கிய கப்பல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நம்பாதவர்கள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு வரட்டும். உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திச் சொல்கிறேன்.

அன்று காலை அருள்நாயகத்தின் விரலில் கடல் ஒட்டியது.

இந்தக் குளிர்தேசத்தில், மில்லிக்கனில் அவர் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. வீடு மாறிப்போன யாரோ கராஜில் பரப்பி விற்றபோது வாங்கியது. நெருக்கியடித்து நிற்கும் கப்பல்கள், பாய்மரங்கள், மூட்டை சுமப்பவர்கள் என்று இரைச்சலான ஒரு துறைமுகம். வர்ணத்தைக் கத்தியால் அப்பியிருந்ததால், தடவினால் அலைகள் விரலில் மேடும் பள்ளமுமாக இடறும். எப்போதோ காய்ந்து வெடித்த வர்ணம். இன்று ஈரம்.

முதல் சந்தேகம் மனைவியில்தான்.

"இஞ்சாரும், உந்தப் படத்தில கைவைச்சனீரோ?"

"ஓம், எனக்கு வேறை வேலையில்லை," என்றாள் கனகாம்பிகை குசினிக்குள்ளிருந்து. "கப்பலுக்குப் பெயின்ற் அடிச்சுப்போட்டுத்தான் உங்களுக்குப் புட்டு அவிக்கிறன்."

அவர் நம்பவில்லை. முகர்ந்து பார்த்தார். புட்டு வாசனைக்கு அடியில் தாரும் ஈரக் கயிறும் உப்பும் மணத்தன. கயிறு இழுபடுவதுபோல ஒரு முனகலும் கேட்டது. ஹீற்றராயிருக்கும் என்று அதை நிறுத்தினார். வீடு முழுக்க அடங்கிப்போக, முனகல் மட்டும் படத்துக்குள்ளிருந்து இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

முன்னால் நின்ற கறுப்புக் கப்பலிலிருந்து கரைக்கு ஒரு பலகை இறங்கியிருந்தது. நேற்று அது பாதியில் தொங்கியதே? முந்தாநாள் பலகையே இல்லையே? சுமந்தவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். எல்லா முகமும் வீட்டுப் பக்கம். யாருக்காகவோ காத்து.

தினமும் கனகாம்பிகை வேலைக்குப் புறப்படும்போது இந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் கோட்டுப் பொத்தான் பூட்டுவாள். பூட்டியபடி, எங்கள் சனம் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது சொல்வதையே சொல்வாள்: "அப்ப நான் வாறன்." போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். எங்களுக்குத் தெரியும். கப்பலில் நிற்பவர்களுக்கு?

அதற்குள் அவள் வந்து அவரை ஒதுக்கிவிட்டு, ஊதாக் கோட்டோடு குனிந்து ஒரு சப்பாத்தை மாட்டினாள்.

"இண்டைக்குப் 'போறன்' எண்டு சொல்லும்!"

"விசரே உங்களுக்கு? வெளிக்கிடுற நேரத்தில ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே?"

"கனகு, என்ரை ஆணை. ஒருக்காச் சொல்லும்."

அவள் சிரித்தாள். "வாறன், வாறன், வாறன்!"

அவர் படத்தைப் பார்த்தார். திரும்பினார்.

கதவு திறக்கவில்லை. குளிர் உள்ளே வரவில்லை. கால்மிதியில் ஒரு சப்பாத்து. ஒன்றுதான்.

முனகல் நின்றிருந்தது. பலகை மேலே ஏறியிருந்தது.

கப்பல் தட்டில் ஊதா. கட்டியாக. ஈரமாக. அதற்கு மேல் ஒரு முகம், இவரைப் பார்த்தபடி. வாய் திறந்திருந்தது. விரலை வைத்தார்.

சூடு. மூச்சு.

இதுவும் சத்தியம், மில்லிக்கனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அருள்நாயகம் இன்றுவரை கலியாணம் கட்டாதவர்.