இரவல் மெஷின்

பால் பொங்குவதற்குள் மாமியார் பொங்கிவிட்டாள்.

"மெஷின் எங்கேடி?"

ஜன்னலோரம் தையல் மெஷின் இருந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. நேற்று மற்றவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அது போய்விட்டது. நாளைக்குள் கடைக்கு அறுபது தலையணை உறை தைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் இனி அந்தக் கடை வாசலை மிதிக்க முடியாது. அது மூத்த மருமகளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் அடுப்பை அணைத்துப் பாலை இறக்கினாள்.

"வித்து உன் தம்பிக்குப் பணம் குடுத்துட்ட... அதானே? என் சின்னப் புள்ள கால் ஒடிஞ்சு கெடக்கறப்ப உனக்குப் பொறந்த வீடு பெரிசாப் போச்சா!"

"அப்படியெல்லாம் இல்லத்தை..."

"பின்ன எங்கன்னு சொல்லு!"

சொன்னால் சின்ன மருமகள் கதி என்ன ஆவது? அவள் குனிந்து துணியை மடித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த சின்ன மருமகள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஓவென்று அழுதாள்.

"அக்காவை ஏசாதீங்க அத்தை! கடன் குழுவுல என் தொழிலைப் பாக்க ஆபீசர் வந்தப்ப, அக்கா மெஷினத்தான் என்னுதுன்னு காட்டினேன். வாங்கின பணம் பூரா உங்க புள்ள ஆபரேஷனுக்குப் போச்சு. மூணு வாரமா நான் தவணை கட்டல... ஒருத்தி கட்டலேன்னா குழுவுல மத்தவங்க கட்டணும்... அந்த நாலு பேரும் எனக்காகக் கட்டினாங்க. பொறுக்க முடியாம நேத்து, என் மெஷின்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். வர்ற வழியிலதான் சொன்னாங்க. ஏங்க்கா, உங்களுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா, பொய் சொன்னேன்னு குழுவுலேர்ந்து உன் பேரை வெட்டிடுவாங்க. நாளைக்கு ஒரு அவசரம்னா யாருடி குடுப்பா? அந்த நாலு பேரும் பாவம்... காய் வித்தும் பாத்திரம் தேச்சும் உனக்குக் கட்டினவங்க."

"பேரு போனாப் போகட்டும்! உண்மையைச் சொல்லி மெஷினோட வரேன்" என்று சின்னவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

மாமியாருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமே இல்லை. முழங்கால் வலியோடு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"உறை எத்தனை பாக்கி?"

"முப்பத்தெட்டு, அத்தை."

"அவ வர்ற வரைக்கும் கையால தைப்போம். எனக்குக் கண்ணு தெரியல... நூல் கோத்துக் குடும்மா."

அவ்வளவு நேரம் கல்லாக இருந்தவளுக்கு அந்த 'அம்மா' தாங்கவில்லை. மூன்று தடவை முயன்றும் ஊசியில் நூல் நுழையவில்லை. மாமியார் ஊசியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அழு... நான் பேசின பேச்சுக்கு நீ அப்பவே அழுதிருக்கணும்" என்றாள், தானும் அழுதபடி.