கதவு = மூடியது

அண்ணன் ரம்பத்தை மூடியிருந்த கண்ணாடிக் கதவைத் திறந்தான். ரம்பம் நிற்கவில்லை.

திறந்தால் நின்றாக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கதவே. ஆனால் பட்டறையின் வட்ட ரம்பம் கிறீச்சிட்டபடி பலகையைப் பிளந்துகொண்டே போனது. ஈர மரத்தூளும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை தொண்டையை அடைத்தது. தங்கை அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"பாத்தியா? நேத்துல இருந்து இப்படித்தான். முதலாளிகிட்ட சொன்னா, 'நிக்காம ஓடினா நல்லதுதானேப்பா'ன்னு சிரிக்கிறாரு. அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்," என்றான் அந்தப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்.

கணினிப் பழுது பார்ப்பது அவள் தொழில். மூலையிலிருந்த கணினியில் ரம்பத்தை நிறுத்தி, கதவைச் சாத்தினாள். கறுப்புத் திரையைத் திறந்து, ரம்பத்தை ஓட்டும் புரோகிராமைக் கட்டளை தட்டித் தொடங்கினாள். கதவைத் திறந்ததும் ரம்பம் சாதுவாக அடங்கியது. பிறகு டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை அழுத்தித் தொடங்கினாள். கதவைத் திறந்தும் அடங்கவில்லை. கணினியிலேயே நிறுத்தினாள்.

"ரெண்டும் ஒரே புரோகிராம்தானே?"

"ஒண்ணுதான். ஐகான்ல ஆரம்பிச்சா அது டெஸ்க்டாப்புக்குப் பொறந்த பிள்ளை. டெஸ்க்டாப் மனசுல என்னென்ன வச்சிருக்கோ, அத்தனையும் அதோட காதுல ஓதித்தான் அனுப்பும். கறுப்புத் திரை தன்னோட ஃபைலைப் படிச்சு டெஸ்க்டாப் ஓதினதைத் திருத்திக்குது. அதான் வித்தியாசம்."

டெஸ்க்டாப் ஓதியனுப்பும் குறிப்புகளை, அதாவது சூழல் மாறிகளை எல்லாம் திரையில் கொட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு வரி: கதவு = மூடியது. கதவு திறந்திருந்தாலும் ரம்பம் இதைத்தான் நம்பும்.

எவனோ சோம்பேறியின் வேலை என்று நினைத்தாள். ஆனால் எந்த ஃபைலைத் தோண்டியும் அந்த வரி அகப்படவில்லை. தொடங்கும்போது வாங்கிக்கொண்டதை டெஸ்க்டாப் தன்னை மூடும்வரை விடாது. லாக்அவுட் செய்து, மறுபடி லாகின் செய்து பார்த்தாள். வரி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக இன்னொன்று: ஆள் = இல்லை.

டெஸ்க்டாப்புக்கு இதைக் கொடுத்தது யார்? லாகின் திரை. அதற்குக் கொடுத்தது? அவள் பின்னோக்கிப் போனாள். கணினி விழித்ததும் முதன்முதலில் எழும் புரோகிராமிடமும் அந்த இரண்டு வரிகளும் இருந்தன. அதற்கு முன்னால் ஒன்றுமே கிடையாது.

"அண்ணா, ரம்பத்துக்கிட்ட போகாதே. கரண்டையே புடுங்கிடறேன்."

"அப்புறம் எதுக்குடி ஐகானை அழுத்தினே?"

அவள் அழுத்தவில்லை. ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது.

கதவோரம் இருந்த, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்க அவன் குனிந்தான். பலகை தள்ளும் மேசை விருட்டென்று நகர்ந்து அவன் இடுப்பில் மோதி, அவனைத் திறந்த கதவுக்குள் ரம்பத்தின் மேல் சாய்த்தது. திரையில் மூன்றாவது வரி ஏறியது: சத்தம் = இல்லை.

எல்லாம் அடங்கிப்போனது. சுற்றிக்கொண்டிருந்த ரம்பத்தின் கிறீச்சு இல்லை. அவள் மூச்சு கூட அவளுக்குக் கேட்கவில்லை.

அண்ணன் வாய் பிளந்திருந்தது. முழங்கை போயிற்று. பிறகு தோள். எலும்பு சிதறி அவள் கன்னத்தில் தெறித்தது. சூடாக. அவள் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். சுற்றியது. கணினியின் ஒயரைப் பிடுங்கினாள். சுற்றியது. அவன் காலைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். மேசை விடவில்லை. அவன் கண்கள் அவளையே பார்த்தன. பிறகு பார்க்கவில்லை.

முதலாளி சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார்.

அவள் ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். சட்டையைப் பற்றி உலுக்கினாள். அவர் மேல் சிவப்பாகக் கைத்தடம் பதிந்தது. அங்கே ஆளே இல்லாததுபோல் அவர் அவளைத் தாண்டிப் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். இரத்தத்தில் செருப்பு வழுக்கியது. சுதாரித்துக்கொண்டு, விளக்கை அணைத்து, வெளியேறினார். இரும்பு ஷட்டர் ஓசையின்றி இறங்கியது.

மேசை தன் வேலையை முடித்துக்கொண்டு பின்னால் வந்தது. காலியாக. சொட்டச் சொட்ட நனைந்து.

அவள் இடுப்பைத் தொட்டு நின்றது.