பதினேழாம் எண்ணின் நாடி

பகல் பன்னிரண்டுக்கு மறுபடியும் பதினேழாம் எண் பதிவானது. நாடித்துடிப்பு 72.

பதினேழாம் எண் கன்னியப்பன். ரேணுகாவின் அப்பா. அவர் செத்து ஒன்பது நாளாகிறது.

மரக்காணம் உப்பளத்து ஆட்களின் சிறுநீரகத்தை வெயில் தின்றுவிடாமல் காக்க ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அவர்களுடைய எடையையும் நாடியையும் நர்ஸ் போனில் ஏற்ற வேண்டும். அதற்கான வெப் சாஃப்ட்வேரை எழுதியவள் ரேணுகா. அப்பாவைப் பெயர் கொடுக்க வைத்ததும் அவள்தான். அவசரத்தில் தப்பாகத் தட்டிவிடக் கூடாதென்று, நாற்பதுக்குக் கீழே எந்த நாடியையும் ஏற்காதபடி வரம்பு போட்டிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

"உங்கப்பா பாத்தியில விழுந்ததும் ஓடிப்போய் நாடி பாத்தேன்மா, ஒண்ணுமேயில்ல" என்று நர்ஸ் வசந்தா காலையில்தான் போனில் அழுதிருந்தாள். "ஜீரோ போட்டா எடுத்துக்கல. ஃபாரத்தை முடிக்காம அடுத்த ஆளுக்கும் போக முடியல. அதான் முந்தின நாள் நம்பரையே போட்டுட்டேன். அன்னியிலேர்ந்து உச்சி வெயில்ல வரப்புல நிக்கிறாரு. கையை நீட்டிக்கிட்டு. நான் இனிமே வரமாட்டேன்."

ரேணுகா லேப்டாப்போடு வந்து உட்கார்ந்திருந்த உப்பளத்து அறையில், வேலைக்காக வசந்தாவுக்குக் கொடுத்த போன் மேசை டிராயரில் அணைந்து கிடந்தது. பின்னே 72-ஐ யார் போடுகிறார்கள்?

அப்பாவைச் சாகக்கூட விடவில்லையே. தகரக் கூரை வெயிலில் பட்பட்டென்று தெறிக்க, ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச, உள்ளே சேறும் பீடியும் கலந்த அவருடைய வியர்வை வாசம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. ரேணுகா நாற்பது என்ற வரம்பை அழித்தாள்.

இனி ஒரு ஜீரோ. அது போதும். அவர் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

சிமெண்டுத் தரையில் உப்பு நறநறத்தது. ஒரு காலடி. இன்னொன்று. எதிர் நாற்காலி முனகியது. அவள் நிமிரவில்லை. மேசை மேல் ஒரு கை நீண்டது. உப்பு பூத்து வெடித்த விரல்கள்.

"இன்னைக்கே முடிச்சிடறேம்பா" என்றாள்.

விரல் வைத்தாள். ஜில்லென்றிருந்தது. முழு நிமிடம் காத்திருந்தாள். துடிப்பில்லை. 0 என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது. அழுகை பொங்கியது. கையை எடுக்கப் போனாள்.

முடியவில்லை.

அந்தக் கை திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் வரப்பில் வழுக்கிவிடாமல் அழைத்துப் போன அதே பிடி.

"விடுப்பா."

திரையில் கடைசி எண்ணுக்குக் கீழே புது வரி. ரேணுகா. நாடித்துடிப்பு 71.

64.

52.

"அப்பா. விடு."

41.

40.

39.