இருங்க பாவா, வடிஞ்சுகினு இருக்கு

கஜபதி முதலில் சந்தேகப்பட்டது பானையைத்தான்.

பின்கட்டில் ஒரு மர ஸ்டாண்டு. அதில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு மண்பானைகள். உச்சியில் குளத்துத் தண்ணீர், அதற்குக் கீழே அடுப்புக்கரி, அதற்கும் கீழே கழுவிக் காயவைத்த ஆற்றுமணல், எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் பானை. மேல் மூன்றின் அடியிலும் ஊசித்துளை போட்டு, துளையில் துணித்திரி செருகியிருந்தான். நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் உச்சிப்பானையை நிரப்பிவிட்டுப் படுத்தான். புரண்டு படுத்தபோதெல்லாம் சொட்டுச் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் உச்சிப்பானை காலி. அடிப்பானையும் காலி. ஸ்டாண்டுக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

மளிகைக் கடைக்காரனுக்கு வந்த சரக்குக்கும் இருக்கிற சரக்குக்கும் வித்தியாசம் வந்தால் இரண்டே காரணம்தான்: ஓட்டை, இல்லாவிட்டால் திருட்டு. அடிப்பானையைத் தூக்கித் தட்டிப் பார்த்தான். கணீரென்றது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

"இன்னாண்ணா, பானைய சந்தைக்கு ஓட்டப் போறியா? பல்லப் புடிச்சிப் பாக்குறதுதான் பாக்கி," என்றாள் மணியம்மை.

தங்கை. புருஷன் போனபின் பள்ளிப்பட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். மனைவியை இழந்து தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவனுக்கு அவள் வந்தது சௌகரியம் என்று தெருவே சொன்னது. அவள் நிமிர்ந்து பார்க்கும்போது மட்டும் கஜபதிக்கு எதையாவது துடைக்க வேண்டியிருக்கும்.

"மணல் அடைச்சுகினு இருக்கும்," என்றான், பானையின் கழுத்தைத் துடைத்தபடி.

மணல் அடைத்தால் மேலே தேங்கும். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் மணலைக் கொட்டி, கலங்கல் தெளியும்வரை அலசிக் காயவைத்தான். கரியையும் மாற்றினான். யுத்தம் வந்ததிலிருந்து பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடுவதால் ஒரு கூடை நல்ல கரிக்குக் கரிக்காரனிடம் கல்யாணச் சம்பந்தம் பேசுவதுபோலப் பேச வேண்டியிருந்தது. திரியைப் புதிதாக முறுக்கி, எல்லாவற்றையும் அடுக்கித் தண்ணீர் ஊற்றினான்.

மறுநாளும் அடிப்பானை காலி.

பானைக்குள் தலையை விட்டு முகர்ந்தான். மண்வாசனை வரவேண்டிய இடத்தில் ஒரு புளிப்பு நெடி. அதோடு லேசாகத் திருநீறு. அவனுக்கு அந்த வாசனை தெரியும். ஆடி மாதத்தில், பின்கதவின் இடுக்கு வழியாக வந்த வாசனை.

போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலைக்கோயிலிலிருந்து இறங்கி முடிவதற்குள் ஊரில் வாந்திபேதி புகுந்துவிட்டது. கஜபதி கடைப்பலகைகளைப் போட்டுக்கொண்டு உள்ளே அடைந்தான். வீட்டில் வடிகட்டி இருந்தது, அரிசி இருந்தது. இரண்டு சந்துக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது. இந்தப் பக்கம் சொட்டுச் சத்தம்.

உச்சிவெயிலில் பின்கதவுக்கு வெளியே யாரோ சுவரில் சாய்ந்து சரிகிற ஓசை.

"மச்சான். ஒரு வாய் தண்ணி."

பச்சையப்பன். மணியம்மையின் புருஷன், கஜபதிக்குப் பாவா முறை, காவடி எடுத்து வந்தவன். கதவிடுக்கில் மஞ்சள் வேட்டி தெரிந்தது. அது நனைந்திருந்த விதமும் தெரிந்தது. கஜபதிக்குப் பின்னால் அடிப்பானை அன்று கழுத்துவரை நிறைந்திருந்தது. வெறும் பானையில் சொட்டு விழுந்தால் 'டொங்' என்று எதிரொலிக்கும். நிறைந்த பானையில் 'ளுக்' என்று அடங்கிவிடும். அன்று ளுக், ளுக் என்றுதான் கேட்டது. கதவுக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

கடைத்தெருவில் பிறந்தவன் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. சர்க்கரைக்குப் பஞ்சமான காலத்திலும் 'இல்லை' என்று சொல்கிற கடைக்காரன், வாடிக்கைக்காரனைத் தானே கைபிடித்து எதிர்க்கடையில் விட்டவன் ஆகிறான். 'சரக்கு அரக்கோணத்துல நிக்குது, இதோ வந்துடும், இருங்க' என்று சொல்லி உட்கார வைக்க வேண்டும். அப்பன் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. கஜபதியின் கை தாழ்ப்பாளை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டது. வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"இருங்க பாவா, வடிஞ்சுகினு இருக்கு."

"சரி மச்சான்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சா மச்சான்?"

"இன்னும் கொஞ்சம்."

அப்படியே போயிற்று வெயில். ஒவ்வொரு தடவையும் குரல் சிறுத்தது. ஒரு தடவைகூடக் கோபம் இல்லை. பெண் எடுத்த வீட்டில் அவசரப்படக் கூடாது என்று நினைக்கிற மாப்பிள்ளையின் மரியாதை. பிறகு கேட்கவில்லை. கஜபதி ஒரு டம்ளர் மொண்டு, தானே குடித்தான். நாக்கு அவ்வளவு வறண்டிருந்தது. தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் சந்தில் பிணத்தைக் கண்டெடுத்தவர்கள், "பாவம், வாசல் வரைக்கும் வந்துட்டு, கதவத் தட்டத் தெம்பில்லாம போய்ட்டான்," என்றார்கள். கஜபதி தெருவில் விழுந்து அழுதான். நிஜமாகவே அழுதான். ஊரே தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதலை அவன் வாங்கி வைத்துக்கொண்டான். மணியம்மை வந்து, "உன் கையால ஒரு வாய் குடிக்கக்கூட அவருக்குக் குடுப்பின இல்லியேண்ணா," என்று விம்மியபோது அதையும் வாங்கிக்கொண்டான். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவன் வேண்டுதல். மலைமேல் போய்க் கேட்க வெட்கப்பட்டு வீட்டிலேயே வேண்டிக்கொண்டான்.

பானை காலியாகத் தொடங்கிய மூன்றாம் நாள், பகலில் காவல் இருப்பது என்று முடிவு செய்தான். காலையில் உச்சிப்பானையை நிரப்பிவிட்டு, மதியம் கடையை மூடி, முன்கட்டில் மணியம்மை படுத்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு, பின்கட்டுக்கு வந்து முன்கட்டுக் கதவைச் சாத்தி ஸ்டாண்டின் எதிரே உட்கார்ந்தான். பங்குனி வெயில். ஓட்டிடுக்கு வழியாக இறங்கிய ஒற்றை வெளிச்சக்கோட்டில் தூசி மிதந்தது. ஈரக்கரியின் வாசனை, வெந்த மண்ணின் வாசனை, எங்கோ மிளகாய் காய்கிற நெடி. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. சொட்டு மட்டும் ஒரே சீராக விழுந்தது.

டொங். டொங். பானை மெல்ல நிறைய நிறைய ஓசை தடித்தது. வெயில்கோடு சுவரில் ஏறியது. கடைசியில், ளுக்.

ளுக்.

எட்டிப் பார்த்தான். கழுத்துவரை தண்ணீர். கண்ணாடிபோலத் தெளிவு. அப்பாடா என்று சிரிப்புகூட வந்தது.

அப்போது ஒரு மிடறு விழுங்கும் ஓசை.

தண்ணீர் விரலளவு இறங்கியது.

இன்னொரு மிடறு. இன்னும் இறங்கியது. அலை இல்லை, சுழல் இல்லை. பெருந்தாகக்காரன் நிதானமாகக் குடிக்கிற ஓசை மட்டும். திருநீறும் புளிப்பும் கலந்து மூக்கில் ஏறின. தண்ணீர் இருட்டுக்குள் போயிற்று. பானையின் அடி தெரிந்தது. டொங்.

பின்கதவுக்கு வெளியே சுவரில் எதுவோ சாய்ந்து சரிந்தது.

"ஆச்சா மச்சான்?"

கஜபதி வாயைப் பொத்தியிருக்க வேண்டும். கதவைத் திறந்திருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அந்த வாய் கடையில் வளர்ந்த வாய்.

"இருங்க பாவா, வடிஞ்சுகினு இருக்கு."

சொல்லி முடித்தபின்தான் முன்கட்டுக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. மணியம்மை நின்றுகொண்டிருந்தாள்.

"இதத்தான் சொன்னியா அவருக்கு?"

அவன் பானையின் கழுத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

"நான் வந்த நாள்லேருந்து இந்தச் சந்துலேருந்து அவரு கொரலு கேக்குது. 'ஆச்சா, ஆச்சா'ன்னு. எது ஆச்சான்னு எனக்கு வெளங்கலண்ணா. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்." அவள் கத்தவில்லை. "பான நெறஞ்சிருந்ததா?"

"ஆங்," என்றான் கஜபதி. பிறந்ததிலிருந்து சொன்னதில் அவ்வளவு சின்னச் சொல் அதுதான்.

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. எதிர்வீட்டுக்குப் போயிருப்பாரு. அங்க குடுத்திருப்பாங்க." ஆணியில் தொங்கிய டம்ளரை எடுத்து அவன் கையில் வைத்தாள். "நீ இருக்கச் சொன்ன. அவரு இருக்காரு. புடிச்சுக் குடு."

அவள் போய்ப் பின்கதவைத் திறந்தாள். வெயில் அறைந்தது. சந்தில் யாருமில்லை. எதிர்ச்சுவர், ஒரு காக்கை, புழுதி. வாசற்படியில் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு ஈரம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் படியைத் தாண்டி உள்ளே வந்தது. நிதானமாக. கூப்பிட்ட வீட்டுக்குள் நுழைகிறவனைப்போல. ஸ்டாண்டின் காலருகே வந்து நின்றது.

மணியம்மை தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். புருஷனுக்கு வழிவிடுகிற மாதிரி.

கஜபதி டம்ளரோடு குனிந்தான். சொட்டு மணல்பானையின் திரியில் திரண்டு, நீண்டு, அறுந்து விழுந்தது.

ஓசை இல்லை.

இன்னொன்று விழுந்தது. டொங் இல்லை. ளுக் இல்லை.

அடிப்பானையின் வாய்க்குமேல் முகத்தைக் கொண்டுபோனான். இருட்டு. கண் பழகியது.

பானைக்குள், அண்ணாந்த ஒரு முகம். நெற்றியில் காயாத திருநீறு. வெடித்த உதடுகள் அகலத் திறந்திருந்தன. சொட்டு நாக்கில் விழுந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கண்கள் அவனைப் பார்த்தன. கோபம் இல்லை. மாப்பிள்ளையின் மரியாதை மட்டும்.

அவன் டம்ளரை நீட்டினான். அது காலி.

உதடுகள் அசைந்தன. "ஆச்சா மச்சான்?"

அடுத்த சொட்டு திரியில் திரண்டது. நீண்டது. விழாமல் தொங்கியது.